மூடுன தலைப்பு எங்க போச்சு? புதுசா வாறவங்களுக்கு எடிட்டர்ல அவுட்லைன் வச்சுக் குடுக்கதுல எது சரிப்படும்

கொஞ்ச நாளாவே ஒரே கேள்விய வேற வேற ஆளு வாயால கேக்கேன். பாளையங்கோட்டைல ஒரு வக்கீல்கிட்ட ஜூனியரா இருக்க தம்பி கேட்டான், அபிஷேகப்பட்டில பிஎச்டி பண்ணுத பிள்ளை கேட்டுச்சு, அவங்களுக்கெல்லாம் முந்தியே எங்க பெரியப்பா கேட்டாவ. எழுதுதது நீளமாப் போவுது, தலைப்பு உபதலைப்புன்னு வச்சு வேண்டாததை மூடி வேண்டியத மட்டும் தொறந்து எழுதணும் (இதத்தான் அவுட்லைன்ம்பாவ), அதுக்கு எந்த எடிட்டர், அதாவது எழுத்து அடிக்குத சாஃப்ட்வேர், போடலாம், அதை எப்படி செட் பண்ணிக் குடுத்தா நாளைக்கு உனக்கு போன் பண்ணாம எழுத முடியும்னு. உண்மையான கேள்வி அந்தக் கடைசிப் பாதிதான். எடிட்டர் எல்லாத்துலயும் மூடித் தொறக்க வசதி இருக்கு, ஆனா அது புதுசா வாறவங்க கையில என்ன ஆவுதுங்கிறதுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

நான் இமாக்ஸ்ங்கிற பழைய இலவச எடிட்டர்லயே கெடக்க ஆளு, பல வருஷமா. அதனால சொல்லுததுல கொஞ்சம் சாய்வு இருக்கும், இப்பவே சொல்லிட்டேன். ஆனா இமாக்ஸ் ஆளுங்க, என்னையும் சேத்துத்தான், புதுசா வாறவங்களுக்குச் செஞ்ச கெடுதல் கொஞ்சநஞ்சமில்ல.

## மருதூர் காணாமப் போன கதை

பெரியப்பா தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவிய, அம்பைல இருக்காவ. தாமிரபரணில கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் இருக்க எட்டு அணைக்கட்டப் பத்தியும், அதுல பிரியுத கால், மடை, அந்தத் தண்ணி பாஞ்ச ஊர்க்கதை எல்லாத்தையும் எழுதுதாவ. நோட்டுல ஆறு நோட்டு ரொம்பிருச்சு, இப்ப அதை லேப்டாப்புல ஏத்துதாவ. அந்தக் காலத்துல தமிழ் டைப்ரைட்டிங் படிச்ச கை, வேகம்னா வேகம். ஃபைல் இப்படி இருக்கும்:

```
* தாமிரபரணி அணைக்கட்டுகள்
** கன்னடியன்
** மருதூர்
*** மேலக்கால்
*** கீழக்கால்
** ஸ்ரீவைகுண்டம்
*** வடகால்
*** தென்கால்
```

நான் இமாக்ஸ்ல ஆர்க் மோடுன்னு, ஸ்டார் போட்ட வரியத் தலைப்பா எடுத்துக்கிடுத வசதியப் போட்டு, டேப் அமுக்குனா மூடும் தொறக்கும், ஒரு வரியக் காலி பண்ண கன்ட்ரோல்-கே அப்படின்னு ஒரு துண்டுக் காயிதத்துல எழுதி லேப்டாப் ஓரத்துல ஒட்டிட்டு வந்துட்டேன். ஒரு நாளு பெரியப்பா 'மருதூர்'ங்கிற தலைப்ப மூடி வச்சிருக்காவ, அதை 'மருதூர் அணைக்கட்டு'ன்னு மாத்தணும்னு தோணிருக்கு, வரி ஆரம்பத்துக்குப் போயி கன்ட்ரோல்-கே அடிச்சு, ரெண்டு ஸ்டார் போட்டு, புதுத் தலைப்ப டைப் பண்ணி, சேவ் பண்ணிட்டு காப்பி குடிக்கப் போயிட்டாவ. மூடியிருக்க தலைப்புல அந்த கீ கண்ணுக்குத் தெரியுத வரிய மட்டும் எடுக்காது, உள்ள கெடக்க மேலக்கால் கீழக்கால் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிரும். அது எனக்குத் தெரியும், காயிதத்துல எழுதத்தான் தோணல. மூணு நாள் கழிச்சு போனு: "எய்யா, மருதூரைக் காணும்யா."

இமாக்ஸ் பழைய காப்பி ஒண்ணு வைக்கும், ஃபைல் பேருக்குக் கடைசில ~ போட்டு. ஆனா சும்மா விட்டா அது ஒண்ணே ஒண்ணுதான், ஒவ்வொரு தடவையும் ஃபைலப் புதுசாத் தொறந்து முதல் சேவ் பண்ணும்போது பழசு மேலயே எழுதிரும், மூணு நாளுல அதுலயும் மருதூர் இல்ல. பென்டிரைவ்ல பத்து நாளுக்கு முந்தின காப்பி இருந்துச்சு, பாதி கெடச்சுது, மிச்சத்த நோட்டப் பாத்து மறுபடி அடிச்சாவ. என்னைய ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தாக்கூட பரவால்லன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறந்தான் நான் உக்காந்து, ஒவ்வொண்ணையும் புதுசா வாற ஆளு கண்ணால பாக்க ஆரம்பிச்சேன்.

## எதை வச்சுப் பாக்கது

மொதல்ல, மூடியிருக்குன்னு பாத்தவுடனே தெரியணும். அநேக எடிட்டர்ல மூடுன தலைப்புக்குப் பின்னால மூணு புள்ளி வரும், அவ்வளவுதான். பெரியப்பா மாதிரி எழுதுதவிய தலைப்புலயே மூணு புள்ளி வைப்பாவ, "கன்னடியன் சொன்ன பதில்..." அப்படின்னு. எடிட்டர் வச்ச புள்ளி எது, இவிய வச்ச புள்ளி எதுன்னு யாரு கண்டா?

ரெண்டாவது, இதத்தான் இங்கிலீஷ்ல வாற எந்த வழிகாட்டியும் சொல்லாது, தமிழ் கீபோர்டு ஆன்ல இருக்கும்போதே மூடவும் தொறக்கவும் முடியணும். நம்ம ஆளு தமிழ்ல அடிச்சிக்கிட்டே இருப்பாவ, மூடுததுக்கு ஒரு தடவ இங்கிலீஷுக்கு மாத்தி, மறுபடி தமிழுக்கு மாத்தி, இந்தப் பாடு பட்டா ரெண்டாம் நாளே அவுட்லைன கைவிட்டுருவாவ. தனி எழுத்து கீ எல்லாம் தமிழ்ல இருக்கும்போது தமிழ் எழுத்தாத்தான் விழும். கன்ட்ரோல் கூட எழுத்து சேருத கீ, தமிழை எப்படி ஏத்திருக்கோங்கிறதப் பொறுத்து: லினக்ஸ்ல ஐபஸ்ங்கிற தட்டச்சு சாஃப்ட்வேர் வழியாப் போட்டிருந்தா அநேகமா வேலை செய்யும், சிஸ்டத்தோட கீபோர்டு லேஅவுட்டையே தமிழா மாத்தியிருந்தா இமாக்ஸுக்கு கன்ட்ரோலும் ஒரு தமிழ் எழுத்துமா போயி நிக்கும், அது அப்படி ஒரு கீயே இல்லைம்பும். எந்த லேஅவுட்லயும் மாறாதது டேப், என்டர், அம்புக்குறி, ஃபங்ஷன் கீ, மவுஸ், இவ்வளவுதான். புது ஆளுக்கு வச்சுக் குடுக்க அவுட்லைன் இந்த அஞ்சுக்குள்ள முடியணும், இது என் கட்சி.

மூணாவது, மூடுனதுக்குள்ள கெடக்கது தெரியாம அழியக்கூடாது. இது ஏன்னு மருதூர்கிட்ட கேட்டுக்கிடுங்க.

அப்புறம் ஒரு பகுதிய அப்படியே தூக்கி மேலயோ கீழயோ போட முடியுதா, பின்னால யாரு வந்து பராமரிப்பா, அடுத்தவனுக்கு ஃபைல அனுப்புனா தொறக்குமா, இதெல்லாம் வாறவாற இடத்துல சொல்லுதேன்.

அவசரக்காரவுகளுக்கு (ஒவ்வொண்ணும் என்னன்னு கீழ வருது):

| வழி | மூடுனது தெரியுதா | தமிழ் கீபோர்டுல | தெரியாம அழியுமா | பகுதிய நகத்த |
|---|---|---|---|---|
| இமாக்ஸ் அவுட்லைன், சும்மா | மூணு புள்ளி | கஷ்டம் | அழியும் | மெனு வழியா |
| அதே, டேப்பும் பட்டனும் போட்டு | நல்லாத் தெரியும் | சுகம் | அழியும் | மெனு வழியா |
| ஆர்க் மோட், பூட்டு போட்டு | மாத்தி வச்சா தெரியும் | சுகம் | கேட்டுட்டுத்தான் | ஆல்ட்டும் அம்புக்குறியும் |
| விஎஸ் கோட் மார்க்டவுன் | மாத்தி வச்சா தெரியும் | மவுஸ்ல சுகம் | கவனம் வேணும் | வெட்டி ஒட்டணும் |
| விம் | கோடு தெரியும் | ஆவாது | அழியும் | வெட்டி ஒட்டணும் |
| வேர்ட், லிப்ரே ஆபீஸ் | பக்கத்துல லிஸ்டே இருக்கும் | சுகம் | பயமில்ல | இழுத்துப் போடலாம் |

## இமாக்ஸ் அவுட்லைன், வந்தது வந்தபடி

இமாக்ஸ்ல அவுட்லைன் மைனர் மோடுன்னு ஒண்ணு உண்டு. எந்த ஃபைல் மேலயும் ஏத்திக்கிடலாம், சாதா டெக்ஸ்ட்ல ஒரு ஸ்டார் பெரிய தலைப்பு, ரெண்டு ஸ்டார் அதுக்குள்ள, இப்படி. கேக்க சுலபம். ஒரு தலைப்ப மூட என்ன பண்ணணும்? கன்ட்ரோல்-சி அமுக்கு, விட்டுரு, ஷிஃப்ட் புடிச்சு @ அமுக்கு, விட்டுரு, பெறவு கன்ட்ரோல்-டி. தொறக்க மறுபடி மொத ரெண்டும், பெறவு கன்ட்ரோல்-எஸ். இந்த மூணு கட்ட கீய பழைய ஆளுங்க பொறுத்துக்கிட்டதுக்குக் காரணம், அவிய யாருமே அதை அப்படியே வச்சிருக்கல, அன்னைக்கே தன் வசதிக்கு மாத்தி வச்சிட்டு அடுத்த ஆளுட்ட 'சும்மா அருமையா இருக்கும் வே'ம்பாவ. தமிழ் லேஅவுட்ல @ எல்லாத்துலயும் ஒரே இடத்துல இருக்காது, அந்த சங்கடம் வேற.

மெனு பார்ல 'அவுட்லைன்'னு ஒரு மெனு வரும், அதுல மூடு தொற எல்லாம் இருக்கு, புது ஆளுக்கு அதுதான் கதி. ஆனா இமாக்ஸ் போட்டவுடனே மெனு பாரையும் டூல்பாரையும் ஒளிச்சு வைக்கது ஒரு ஃபேஷன், நெட்டுல எடுக்க ரெடிமேட் செட்டிங் பாதில மொத வரியே அதுதான். புதுசா வாற ஆளுக்கு செட் பண்ணுதீங்கன்னா தயவுசெஞ்சு மெனுவ விட்டு வைங்க.

இது எப்ப நல்லது? ஏற்கனவே இமாக்ஸ்லயே கெடக்க ஆளுக்கு, ஒரு கான்ஃபிக் ஃபைலுக்கோ கோடுக்கோ அவசரமா ஒரு மடிப்பு வேணும்னா. மத்தவங்களுக்கு வேண்டாம்.

## அதே அவுட்லைன், டேப்பும் பட்டனும் போட்டு

இங்கதான் நெலமை மாறுனது. 2022ல வந்த இமாக்ஸ் 28ல டேப்பால சுத்துத வசதிய அவுட்லைனுக்குள்ளயே வச்சிட்டாவ: தலைப்பு மேல கர்சர் இருக்கும்போது டேப் அமுக்குனா மூடும், உபதலைப்பு மட்டும் காட்டும், எல்லாம் காட்டும், ஷிஃப்ட்-டேப் அமுக்குனா முழு ஃபைலும் அதே மாதிரி சுத்தும். சும்மா வராது, 'அவுட்லைன் மைனர் மோட் சைக்கிள்'ங்கிற செட்டிங்க ஆன் பண்ணணும். 2023ல வந்த 29ல பட்டன் வந்துச்சு, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு குட்டி முக்கோணம், மவுஸால தட்டுனா மூடும் தொறக்கும். வரிக்குள்ளயே வைக்கலாம், இல்லாட்டி ஓர மார்ஜின்ல வைக்கலாம். நான் சொல்லுதேன், மார்ஜின்லயே வைங்க, வரிக்குள்ள வச்சா அதுவும் டைப் பண்ண எழுத்துன்னு நெனச்சு அழிக்கப் பாக்காவ. இமாக்ஸ் 29 தன்னோட கீ லிஸ்ட் காட்டுத உதவிப் பக்கத்துலயே இந்தப் பட்டனத்தான் வச்சிருக்கு, அப்ப புது ஆளுக்கு எது லாயக்குன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, ஆனா நம்ம ஃபைல்ல மட்டும் நாமளா ஆன் பண்ணிக்கிடணுமாம். என்ன நியாயமோ.

மறைஞ்சிருக்க செலவு ரெண்டு. ஒண்ணு வெர்ஷன். லினக்ஸ்லயே உபுண்டு 22.04ல அதோட வாற இமாக்ஸ் 27.1, அதுல டேப்பும் இல்ல பட்டனும் இல்ல. டெபியன் 12ல 28.2, டேப் உண்டு பட்டன் இல்ல. உபுண்டு 24.04ல 29.3, அதுல ரெண்டும் உண்டு. "நீ சொன்னத அப்படியே போட்டேன், முக்கோணத்தையே காணும்"னு சொல்லுத ஆளு அநேகமா பழைய லேப்டாப்புல பழைய உபுண்டு வச்சிருக்க ஆளாத்தான் இருக்கும். இன்னொண்ணு அந்த மருதூர் விவகாரம், ஆர்க் மோடுல இருக்க பூட்டு இதுல கெடையாது, மூடுன தலைப்புல கன்ட்ரோல்-கே அடிச்சா போச்சு.

மூடித் தொறந்து வாசிக்க மட்டும் உள்ள ஃபைலுக்கு இது எனக்கு ரொம்பப் புடிக்கும். தெனமும் அடிச்சு அழிச்சு எழுதுத ஃபைலுக்கு, அதுவும் வயசானவங்க கையில, நான் குடுக்க மாட்டேன்.

## ஆர்க் மோட்

2003ல கார்ஸ்டன் டொமினிக் ஆரம்பிச்சது, 2007ல இமாக்ஸ் 22 கூடவே வர ஆரம்பிச்சிட்டு, அதனால தனியா எதுவும் இறக்க வேண்டாம். டேப்பும் ஷிஃப்ட்-டேப்பும் எந்த செட்டிங்கும் இல்லாமலே சுத்தும். ஆல்ட்டப் புடிச்சிக்கிட்டு மேல் அம்பு கீழ் அம்பு அமுக்குனா, ஸ்ரீவைகுண்டத்த வடகால் தென்காலோட சேத்துத் தூக்கி மருதூருக்கு மேல வச்சிரும். இடது வலது அமுக்குனா தலைப்போட படி ஏறும் எறங்கும். எல்லாமே நான் சொன்ன அந்த மாறாத கீக்குள்ளயே முடிஞ்சிருது பாருங்க, தமிழ்ல எழுதுதவங்களுக்கு இதவிட வாகானது இல்ல. பெரியப்பா மொத நாளே ஆல்ட்டும் அம்பும் வச்சு அணைக்கட்ட மேல கீழ தூக்கிப்போட்டு வெளையாடிக்கிட்டு இருந்தாவ, "எல, ஆத்தையே திருப்பிட்டம்லா"ன்னு.

தமிழ் எழுத்து ஒடையாதான்னு கேப்பீங்க. 2020ல வந்த இமாக்ஸ் 27ல இருந்து ஹார்ஃப்பஸ்ங்கிறத வச்சு எழுத்தைக் கோக்குது, கொம்பும் காலும் சரியா நிக்கும். அதுக்கு முந்தினது கையில இருந்தா மாத்திருங்க. அட்டவணை மட்டும் கோணமாணயாத்தான் நிக்கும், தமிழ் எழுத்து எல்லாம் ஒரே அகலத்துல கெடையாதுல்லா, அதுக்கு எந்த எடிட்டரும் பொறுப்பில்ல.

ஆனா வந்தபடி அப்படியே குடுத்தா ஆர்க் மோடு ஒரு கண்ணிவெடி வயல். நான் மிதிச்சது, அடுத்தவங்க மிதிச்சது எல்லாம் சேத்துச் சொல்லுதேன்.

ஷிஃப்ட்டும் அம்பும் வச்சு எழுத்தை செலக்ட் பண்ணுதது உலகம் பூரா இருக்க பழக்கம். ஆர்க்ல தலைப்பு மேல ஷிஃப்ட்டும் வலது அம்பும் அமுக்குனா செலக்ட் ஆவாது, தலைப்புக்கு முன்னால 'டூடூ'ன்னு இங்கிலீஷ்ல ஒரு சொல்லு வந்து ஒக்காரும், இன்னொரு தடவ அமுக்குனா 'டன்'னு மாறும். அதை எப்படி எடுக்கதுன்னு தெரியாம ஒருத்தர் ஆறு தலைப்புல அப்படியே விட்டு வச்சிருந்தாரு, ஏதோ எடிட்டர் போடுத முத்திரைன்னு நெனச்சிருக்காரு. 'ஆர்க் சப்போர்ட் ஷிஃப்ட் செலக்ட்'டுன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணி வச்சா சாதாப் பத்திக்குள்ள ஒழுங்கா செலக்ட் ஆவும், தலைப்புலயும் ஆவணும்னா அதுக்கு 'ஆல்வேஸ்'ங்கிற மதிப்பைக் குடுக்கணும்.

கன்ட்ரோல்-கே பூட்டு: 'ஆர்க் கன்ட்ரோல்-கே ப்ரொடெக்ட் சப்ட்ரீ'. இது வந்தபடி ஆஃப்ல இருக்கும். ஆன் பண்ணி வச்சா மூடுன தலைப்புல கன்ட்ரோல்-கே அடிக்கும்போது, உள்ள மறைஞ்சிருக்கதையும் சேத்து அழிக்கவான்னு கேக்கும். 'எர்ரர்'னு வச்சா கேக்கவே கேக்காது, முடியாதுன்னுரும். பெரியப்பாவுக்கு ரெண்டாவது. கேள்வி இங்கிலீஷ்ல வந்தா பதட்டத்துல ஆமான்னு அடிச்சிருவாவன்னு எனக்கு பயம்.

மூணு புள்ளிய மாத்துங்க, 'ஆர்க் எலிப்சிஸ்'ல ▼ மாதிரி ஒரு அடையாளத்த வைங்க, ஒண்ணுக்கு ரெண்டா வச்சாலும் தப்பில்ல.

ஸ்பீடு கமாண்டுன்னு ஒண்ணு உண்டு, தலைப்போட மொத ஸ்டார் மேல நின்னுக்கிட்டு ஒத்த எழுத்து அமுக்குனா அடுத்த தலைப்புக்குப் போவும், நகரும், என்னென்னவோ செய்யும். இங்கிலீஷ் வீடியோல எல்லாம் இதத்தான் ஆஹா ஓஹோம்பாவ. தமிழ் ஆன்ல இருக்கும்போது அதை அமுக்கிப் பாருங்க, எழுத்து போயி ஸ்டாருக்கு முன்னால விழும், அந்த வரி அந்த நிமிஷமே தலைப்பா இல்லாமப் போயி மேல இருக்க பகுதிக்குள்ள கரைஞ்சிரும். வந்தபடி இது ஆஃப்லதான் இருக்கு, அப்படியே இருக்கட்டும்.

இன்னும் ஒண்ணு. ஸ்டாருக்குப் பின்னால ஒரு இடைவெளி வேணும், '*மருதூர்'னு ஒட்டி அடிச்சா தலைப்பு ஆவாது. டைப்ரைட்டிங் படிச்ச கைக்கு இது சட்டுனு வராது. காயிதத்துல மொத வரியே இதத்தான் எழுதணும்.

2020ல வந்த ஆர்க் 9.4க்கு முந்தி ஃபைலத் தொறந்தவுடனே எல்லாத்தையும் மூடித்தான் காட்டும், எழுதுனது எல்லாம் போச்சுன்னு அலறுனவங்க உண்டு. இப்ப எல்லாத்தையும் தொறந்து காட்டுது. புது ஆளுக்கு அதுதான் சரி, மாத்தாதீங்க, நமக்கு மூடி இருந்தாத்தான் அழகுன்னாலும்.

பராமரிப்புச் செலவுன்னா, கூப்புடுத தூரத்துல ஒரு இமாக்ஸ் ஆளு இருக்கணும். கன்ட்ரோல்-சி காப்பி ஆவாது, கன்ட்ரோல்-எக்ஸ் வெட்டாது, அதுக்கு குவா மோடுன்னு ஒண்ணத் தனியாப் போட்டுக் குடுக்கணும். காப்பி விஷயத்துல 'வெர்ஷன் கன்ட்ரோல்'ங்கிற செட்டிங்க ஆன் பண்ணிட்டா அந்த ~ காப்பி நம்பர் போட்டு ஒவ்வொண்ணாத் தனித்தனியா நிக்கும், ஃபோல்டர் பாக்க அசிங்கமா இருக்கும், இருந்துட்டுப் போவட்டும். ஃபைல அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்னா ஓடிடி (.odt) ஃபைலா ஏற்றுமதி பண்ணலாம், அது லிப்ரே ஆபீஸ்லயும் வேர்ட்லயும் தொறக்கும்.

## விஎஸ் கோட்ல மார்க்டவுன்

விஎஸ் கோட் மைக்ரோசாஃப்ட்டோட எடிட்டர், 2015ல வந்தது, இப்ப காலேஜ் பிள்ளைங்க லேப்டாப்ல எல்லாம் ஏற்கனவே கெடக்கு. மார்க்டவுன்ங்கது சாதா டெக்ஸ்ட்லயே குறி போட்டு எழுதுத முறை, தலைப்புக்கு ஸ்டாருக்குப் பதிலா # போடணும், இங்கயும் பின்னால இடைவெளி வேணும். இடது பக்கம் எக்ஸ்ப்ளோரர்ல 'அவுட்லைன்'னு ஒரு பகுதி தலைப்ப எல்லாம் மரம் மாதிரி காட்டும், தட்டுனா அங்க போவும். தமிழ் எழுத்து நல்லா நிக்கும்.

புது ஆளுக்கு மொத சிக்கல், மடக்குத அம்பு மவுஸ் ஓரத்துக்குப் போனாத்தான் தெரியும், அது அங்க இருக்குன்னு தெரியாத ஆளு மவுஸ ஏன் அங்க கொண்டு போறாரு? 'ஷோ ஃபோல்டிங் கன்ட்ரோல்ஸ்'ங்கிறத 'ஆல்வேஸ்'னு மாத்தி வைங்க, பாதிப் பிரச்சினை தீந்துரும். கீபோர்டுல மடக்க கன்ட்ரோல்-ஷிஃப்ட்டும் சதுர அடைப்புக்குறியும், தமிழ்ல இருக்கும்போது நம்பாதீங்க, மவுஸ்தான்.

ஒரு பகுதிய அப்படியே நகத்த ஆர்க் மாதிரி நேரா ஒரு கீ கெடையாது. அவுட்லைன் மரத்துல தலைப்பப் புடிச்சு இழுத்தா வரும்னு எல்லாரும் ஒரு தடவயாவது இழுத்துப் பாப்பாவ, நானும் பாத்தேன், வராது. செலக்ட் பண்ணி வெட்டி ஒட்டணும், இல்ல எக்ஸ்டென்ஷன் தேடணும், எக்ஸ்டென்ஷன் தேடப் போனா அது ஒரு தனி ஊரு, உள்ள போனவன் சாயங்காலந்தான் வருவான்.

இதோட பெரிய லாபம் என்னன்னா கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-சியாவே இருக்கு. புது ஆளுக்கு ஏற்கனவே தெரிஞ்ச எதையும் மறக்கச் சொல்லல. ஹாஸ்டல்ல தனியா இருக்க பிள்ளைக்கு, பக்கத்துல கேக்க ஆளு இல்லைன்னா, ரூம்ல இருக்க எவளாவது ஒருத்திக்கு விஎஸ் கோட் தெரியும், இமாக்ஸ் தெரிஞ்ச ஒருத்திய அபிஷேகப்பட்டில எங்க போயித் தேட? இத நான் ரொம்ப நாளு ஒத்துக்கிடல.

செலவுன்னு பாத்தா, பழைய லேப்டாப்புல கனமா இருக்கும், அடிக்கடி அப்டேட்டுங்கும், வரவேற்புப் பக்கம், கோடு எழுதுததுக்குன்னே உள்ள சாமான் எல்லாம் கண்ணு முன்னால நிக்கும். எழுத வந்த ஆளுக்கு ஒர்க்ஷாப்புக்குள்ள மேசை போட்டு ஒக்கார வச்ச மாதிரி இருக்கும்.

## விம்

டெர்மினல்ல ஓடுத இன்னொரு பழைய எடிட்டர், சுருக்கமா முடிச்சிடுதேன். மடிப்பு வசதி 2001ல வந்த விம் 6லயே இருக்கு, தெரிஞ்சவன் கையில வேகம் அபாரம். ஆனா சாதா மோடுல, அதாவது எழுத்து அடிக்காம கட்டளை குடுக்குத நெலைல, எல்லாமே தனி எழுத்து கீ, தமிழ்ல இருக்கும்போது ஒண்ணுமே நடக்காது. டெர்மினல்ல தமிழ் எழுத்தோட கொம்பும் புள்ளியும் படுத பாடு பாக்க முடியாது. இன்டென்ட் வச்சு மடிக்கச் சொல்லிட்டா தொறந்தவுடனே எல்லாம் மூடி நிக்கும், மூடுன மடிப்பு மேல ரெண்டு தடவ டி அமுக்குனா முழு மடிப்பும் போவும். ஏற்கனவே விம் ஆளா இருந்தா உங்களுக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம்.

## வேர்ட், லிப்ரே ஆபீஸ்: எடிட்டரே வேண்டாம்னா

இதச் சொன்னா நம்ம கூட்டத்துல மொறைப்பாவ, இருந்தாலும் சொல்லணும். வேர்ட்ல நேவிகேஷன் பேன், லிப்ரே ஆபீஸ்ல எஃப்5 அமுக்குனா நேவிகேட்டர், ரெண்டுலயும் தலைப்பு லிஸ்ட் பக்கத்துல நிக்கும், தலைப்பப் புடிச்சு இழுத்தா அதுக்குள்ள உள்ளது எல்லாம் கூடவே வரும். வேர்ட்ல 2013ல இருந்து தலைப்பு பக்கத்துலயே மடக்குத முக்கோணம் இருக்கு. லிப்ரே ஆபீஸ்ல மெனுவே தமிழ்ல வச்சுக்கிடலாம், மேல சொன்ன மத்த எதுலயும் நான் அப்படி வச்சுக் குடுத்தது இல்ல.

இதுல இருக்க பொறி ஒண்ணே ஒண்ணு, தலைப்புக்கு 'ஹெட்டிங்' ஸ்டைல் குடுக்கணும். நம்ம ஆளுங்க நூத்துக்குத் தொண்ணூறு பேரு எழுத்தப் பெருசாக்கி போல்டு போட்டு நடுவுல வச்சிட்டு அதைத் தலைப்புங்காவ. வக்கீல் ஆபீஸ் தம்பி கொண்டு வந்த ஃபைலும் அப்படித்தான், நாப்பது பக்கம், நேவிகேட்டரத் தொறந்தா காலி. ரெண்டு பேரும் உக்காந்து தலைப்ப எல்லாம் ஸ்டைலுக்கு மாத்த முக்கா மணி நேரம் ஆச்சு. மாத்துனதுக்கப்புறம் அவன் சாட்சியப் பகுதிய இழுத்து மேல வச்சான், பத்திப் பத்தியா எல்லாம் கூடவே வந்துச்சு. "அண்ணாச்சி, இது இவ்வளவு நாளா இங்கயேவா இருந்துச்சு"ன்னான்.

## கடைசில யாருக்கு எதைக் குடுத்தேன்

வக்கீல் தம்பிக்கு வேர்ட்டேதான். அவன் சீனியர் வேர்ட்ல திருத்துவாரு, டைப்பிஸ்ட் வேர்ட்ல அடிப்பாரு, நடுவுல இவன் ஒருத்தன் ஸ்டார் போட்ட ஃபைலோட நின்னா யாருக்கு என்ன பிரயோசனம். ஸ்டைல மட்டும் விடாமப் போடச் சொல்லியிருக்கேன்.

பிஎச்டி பிள்ளைக்கு குறிப்பு எடுக்க விஎஸ் கோட், அம்பு எப்பவும் தெரியுத மாதிரி மாத்தி. இன்டர்வியூ எடுத்த ஊரு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைப்பு. நான் ஆர்க் மோடக் காட்டத்தான் செஞ்சேன், ஆல்ட்டும் அம்பும் பாத்து கண்ணு விரிஞ்சுது, "அண்ணே, இது ஒடைஞ்சா யாரு வருவா?"ன்னு கேட்டுச்சு. என்கிட்ட பதில் இல்ல, நான் எல்லா வாரமும் அபிஷேகப்பட்டி போக முடியாதுல்லா.

பெரியப்பாவுக்கு ஆர்க் மோடுதான், மேல சொன்ன பூட்டு எல்லாம் போட்டு. அம்பை எனக்கு ரயில்ல ஒரு தாவுதான், என்ன ஆனாலும் ஞாயித்துக்கெழம போயிரலாம், அதனாலதான் இத அங்க வச்சிருக்கேன், இல்லைன்னா அவியளுக்கும் லிப்ரே ஆபீஸ்தான். பழைய காயிதத்தக் கிழிச்சிட்டு புதுசு ஒட்டியிருக்கு, அதுல கன்ட்ரோல்-கே கெடையாது, நாலே வரி: ஸ்டாருக்குப் பின்னால இடைவெளி, டேப், ஷிஃப்ட்-டேப், ஆல்ட்டோட அம்பு. மூடுனதுக்குப் பின்னால இப்ப ரெண்டு ▼ நிக்கி. போன வாரம் போயிருந்தப்ப பாத்தேன், கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி எல்லாத்தையும் வரிசையா மூடி வச்சு ஸ்ரீவைகுண்டத்துல எழுதிக்கிட்டு இருக்காவ. மருதூர் மட்டும் மேலக்கால் கீழக்கால் எல்லாம் தெரிய அகலத் தொறந்து கெடக்கு, ஸ்ரீவைகுண்டத்துக்கு வர ஒவ்வொரு தடவையும் அதத் தாண்டி உருட்டிக்கிட்டே வரணும். அதையும் மூடலாமே பெரியப்பான்னேன். "அது தொறந்தே கெடக்கட்டும்யா"ன்னாவ.